இருளம்மாளும் மூன்றாவது காரும்

இருளம்மாளுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். அச்சங்குளத்தில் அவள் குமரியாக இருந்த காலம். பருத்திக் காட்டில் களையெடுக்கும் பெண்களை வரப்பில் நின்று கேலி பண்ணிக்கொண்டிருந்த நிலக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், குனிந்திருந்த அவள் முதுகில் மண்ணாங்கட்டியை விட்டெறிந்தான். இருளம்மாள் நிமிர்ந்தாள். களைக்கொத்தியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் அவன் முழங்காலில் ஒரு போடு போட்டாள். அவன் நொண்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தான். சாயங்காலம் அவளுடைய அப்பன் கருப்பணனைப் புளியமரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள்.

அடி வாங்கி வந்த மனுஷர் மகளை ஒரு சொல் சொல்லவில்லை. முதுகுக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல்லிக் குப்புறப் படுத்தபடியே, "நீ இங்கன இருந்தியன்னா நம்ம ரெண்டு பேருல ஒருத்தருக்குப் பாடை கட்டணும் ஆத்தா. போயிரு" என்றார். சிவகாசியில் அவசரம் அவசரமாக ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து வாக்கில் நடந்தது இது.

மாப்பிள்ளை பெயர் வெள்ளைத்துரை. பெயரில்தான் வெள்ளை, ஆள் அடுப்புக்கரி. லாரிப் பட்டறையில் பெயிண்டர். நல்ல வேலைக்காரன், கோபக்காரன், இரண்டிலும் ஊரில் அவனுக்குப் பெயர் உண்டு. கல்யாணம் ஆன மறு மாதம் குழம்பில் உப்பில்லை என்று அறைந்தான். அறைந்த கையை அவள் பிடித்து மணிக்கட்டில் பல் பதியக் கடித்துவிட்டாள். தெரு கூடி வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுச் சின்னத்தாய், "பொருத்தம்னா இதுல்ல பொருத்தம்!" என்று சிரித்தாள்.

தெருவுக்குச் சிரிப்பாக இருந்தது. உள்ளே இருந்தவளுக்கு அப்படியில்லை. அவன் அடித்தால் அவளுக்கு எலும்பு வலிக்கும். அவள் அடித்தால் அவனுக்கு மானம் வலிக்கும், அந்த மானம் ஆறுவதற்காக மறுபடியும் அடிப்பான். விலா எலும்பு ஒன்று உடைந்து தானாகவே கோணலாகக் கூடிவிட்டது. வயிற்றில் தங்கிய ஒன்றும் அப்படி ஒரு சண்டையில் கலைந்து போனது. அதற்கப்புறம் தங்கவில்லை. அவன் செத்துத் தொலைந்தால் என்ன என்று அவள் பலமுறை நினைத்திருக்கிறாள். மாரியம்மன் கோயிலில் நின்று கண்ணை மூடிக்கொண்டே நினைத்திருக்கிறாள்.

வெள்ளைத்துரைக்குச் சாமி என்று ஒன்று இருந்தால் அது பிரைமர்தான். லாரித் தகரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காவி நிறப் பிரைமரை ஒரு கை அடித்து, அது எலும்பாகக் காய்ந்த பிறகுதான் வண்ணத்தைத் திறப்பான். அவசரம் என்று பிரைமரை விடுகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. ஒரு தீபாவளி சீசனில், வெடி லோடு ஏற்றக் காத்து நின்ற லாரிக்கு, கூட வேலை பார்த்த சோலைமலை பிரைமர் இல்லாமல் நேரே வண்ணத்தை அடித்துவிட்டான். வெள்ளைத்துரை பெயிண்ட் டப்பாவை எடுத்து அவன் நெற்றியிலேயே அடித்தான். சிவப்புப் பெயிண்டும் ரத்தமும் சேர்ந்து ஒழுகியதில் எது எது என்று தெரியாமல் பட்டறையே அரண்டுபோனது.

"அம்மணமா நிக்கிறவனுக்கு நேரா சட்டைய மாட்டுவியாலே? உள்ள ஒரு கோவணம் வேண்டாமா?" என்று அப்போதும் அவன் கத்திக்கொண்டிருந்தான்.

இருளம்மாள் வேலை பார்த்தது சீனிவாசகம் என்கிற முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில். சீனச் சண்டை முடிந்த மறு வருஷம் முதலாளியின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வந்தார். வந்த சாமான்களில் மூன்று அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிளாஸ்டிக் கார், துண்டு துண்டாக. கதவு, கூரை, சக்கரம், ஸ்டியரிங் எல்லாம் கொத்தில் காய்த்த காய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கிள்ளியெடுத்துப் பசையால் ஒட்டி, வண்ணம் அடித்தால் உள்ளங்கையில் நிற்கிற மாதிரி அசல் கார்.

முதலாளிக்கு அதன்மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. வாசலில் நிற்கும் தன்னுடைய பச்சைக் காரைப் போலவே ஒன்று செய்து கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டும், ஆர்டர் கொடுக்க வருகிற வியாபாரிகள் அதைப் பார்த்து வாய் பிளக்க வேண்டும். இருளம்மாளைக் கூப்பிட்டு முதல் பெட்டியைக் கொடுத்தார். "ஒம் புருசன் லாரிக்கே அடிக்கிறவன். இது எம்புட்டு? எலிக்குஞ்சு. அடிச்சுத் தரச் சொல்லு."

வெள்ளைத்துரை வீட்டிலேயே உட்கார்ந்து துண்டுகளை ஒட்டினான். லாரிக்கு அடிக்கிற அதே பிரைமரைத் தின்னர் விட்டு இளக்கி ஒரு கை அடித்தான். பிரஷ்ஷைக் கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் காரின் கூரை வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி உள்ளே இறங்கிவிட்டது. தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது என்று அவனுக்குப் புரியவே நேரம் பிடித்தது.

முதலாளி இரண்டாவது பெட்டியைக் கொடுத்தார். "பிரைமரே வேண்டாமாம், நேரா அடிக்கணுமாம். மச்சான் சொல்றாரு" என்றார். வெள்ளைத்துரைக்கு மனசே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எனாமல் வண்ணத்தை நேரே அடித்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பளபளவென்று மாம்பிஞ்சுப் பச்சை. அவனே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டான்.

முதலாளி வீட்டுக் கூடத்தில் விருதுநகர் வியாபாரி ஒருவர் அந்தக் காரைக் கையில் எடுத்து, எடுத்த சுருக்கில் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். பச்சை வண்ணம் வெங்காயத் தோல் மாதிரி அவர் விரலோடு வந்துவிட்டது. கூடமே சிரித்தது. முதலாளியும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் எழுந்துபோய் வாசலில் கிடந்த செருப்பை எடுத்துவந்து, கார் கொண்டுவந்து ஓரமாக நின்றிருந்த வெள்ளைத்துரையின் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அடித்தார்.

"லாரிக்கும் இப்பிடித்தான் அடிக்கிறியாலே? இன்னும் ஒண்ணு இருக்கு. அதுவும் உரிஞ்சதுன்னா நீயும் ஒம் பொண்டாட்டியும் சிவகாசியில எவன் வாசலையும் மிதிக்க முடியாது. மிதிக்க விடமாட்டேன்."

சொன்னால் செய்கிறவர் அவர். செருப்படி வாங்கிய மனிதன் கன்னம் வீங்க, மூன்றாவது பெட்டியை இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வந்தவன் எதிரே கிடைத்ததை எல்லாம் உடைத்தான். கடைசியாகக் கிடைத்தவள் இருளம்மாள்.

"பிரைமர் வேண்டாம்னு சொன்னானுவ. கேட்டேன் பாரு, கேட்டேன் பாரு" என்று சொல்லிச் சொல்லி அவளை அடித்தான். அவளும் அகப்பையால் அவன் மூக்கைப் பெயர்த்தாள்.

ஆனால் அந்த வாரமே அவள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். காய் கிள்ளிய கொத்து மாதிரி மிஞ்சிக் கிடந்த பிளாஸ்டிக் சட்டங்களில்தான் வெள்ளைத்துரை வண்ணத்தைத் தொட்டுத் தொட்டுச் சோதித்துப் பார்ப்பான். அதில் ஒன்று கரிப்பாத்திரங்களோடு விழுந்து கிடந்ததை, அவள் கவனியாமல் சாம்பலும் புளியும் போட்டுச் சேர்த்துத் தேய்த்துவிட்டாள். அதை அவன் எடுத்து ஒரு பச்சைக் கோடு இழுத்திருந்தான். காய்ந்த பிறகு அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். உரியவில்லை. கழுவாத சட்டத்தில் சுரண்டினாள், உரிந்தது. கழுவாததைத் தடவினால் விரல் வழுக்கியது. எண்ணெய்ப் பிசுக்கு. அச்சில் ஒட்டாமல் இருக்க எதையோ தடவியிருக்கிறார்கள், பணியாரக் குழியில் எண்ணெய் தடவுகிற மாதிரி.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டையும் அவனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். "இந்தாருங்க, சாம்பல் போட்டுக் கழுவுனா நேராவே பிடிக்குது. இதுக்குப் பிரைமர் வேண்டியதில்ல."

பிரைமர் வேண்டாம் என்ற சொல்லை அவன் காதால் கேட்டதுதான் தாமதம். கையில் இருந்த பட்டைப் பிரஷ்ஷின் கட்டையால் ஓங்கி அடித்தான். கட்டையின் விளிம்பு அவள் இடது கண்ணில் இறங்கியது. "எனக்குச் சொல்லித் தர்றியா? பாத்திரம் தேய்க்கிறவ எனக்குச் சொல்லித் தர்றியா?" விழுந்தவளை விலாவில் மிதித்தான். கோணலாகக் கூடியிருந்த அதே எலும்பில். இந்தத் தடவை திருப்பிக் கொடுக்க அவளுக்குக் கை எழவில்லை. கண் முட்டை மாதிரி வீங்கி மூடிக்கொண்டது.

அவள் எழுந்து உட்கார்ந்ததும், ஒன்றும் நடக்காதது போல அவன் சொன்னான். "தின்னர் இல்லாத பிரைமர் ஒண்ணு போடணும். வச்சிரப் பசைத் தண்ணியில அலுமினியப் பவுடரக் கொழச்சு அடிச்சா கல்லு மாதிரி பிடிக்கும். ஒங்க கம்பெனியில டின் டின்னா கெடக்குல்ல. சனிக்கெழம வரும்போது மடியில முடிஞ்சு கொண்டா. வெறுங்கையோட வந்தே, இன்னொரு கண்ணும் போயிரும்."

சனிக்கிழமை சாமான் அறை பூட்டிக் கிடந்தது. அலுமினியப் பவுடர் டின்கள் அதற்குள். திறந்திருந்தது வெடிமருந்து கலக்கிற அறை மட்டும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போயிருந்தார்கள். ஒற்றைக் கண்ணோடு இருளம்மாள் உள்ளே நுழைந்தாள். ஜன்னலோரம் தட்டில் வெள்ளி நிறத்தில் பொடி இருந்தது. பக்கத்திலேயே மேஸ்திரி கண்ணுச்சாமி இருமுகிற சத்தம். கையில் இருந்த காகிதத்தில் இரண்டு கை அள்ளிப் பொட்டலமாக மடித்து மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மடியை அவிழ்த்தபோதுதான் வாசனை வந்தது. கந்தகம். வெறும் அலுமினியப் பவுடருக்கு வாசனை கிடையாது. அள்ளி வந்தது கந்தகமும் சேர்த்துக் கலந்த வெடிமருந்து. கலந்த மருந்தை மடியில் கட்டிக்கொண்டு கம்பெனி வேனில் அத்தனை பெண்களோடு இடித்துப் பிடித்து உட்கார்ந்து வந்திருக்கிறாள். கலந்த மருந்து உரசல் தாங்காது. வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ராமுத்தாய் என்ற பெண், தட்டில் ஒட்டியிருந்த மருந்தைத் தென்னங்குச்சியால் கீறியெடுக்கப் போய், கூரையோடு போய்விட்டாள். அவள் புருஷனிடம் கொடுக்கச் சேலைத் துணிதான் கிடைத்தது. அந்தத் துணியைப் பொறுக்கியவர்களில் இருளம்மாளும் ஒருத்தி.

வெள்ளைத்துரை அப்போது வீட்டில் இல்லை. திங்கட்கிழமை எப்படியாவது திருப்பி வைத்துவிடலாம் என்று பொட்டலத்தைச் சுவர் மாடத்தில் ஒளித்தாள். அவனிடம் கிடைக்கவில்லை என்று சொல்லி, கிடைக்கிற அடியை வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பின்னால் கல் நகர்கிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். வெள்ளைத்துரை அம்மியைக் கழுவித் துடைத்துக் காயவைத்திருந்தான். மாடத்துப் பொட்டலம் அவனுக்குப் பின்னால் தரையில் விரிந்து கிடந்தது. பாதியை அம்மியில் கொட்டியிருந்தான்.

"கட்டியா இருக்கு. சந்தனம் மாதிரி நைசா அரச்சாத்தான் பிரஷ்ஷுல வரும்" என்றான். ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷமாக இருந்தான். கார் பிடிபட்டுவிடும் என்ற சந்தோஷம். குழவியைக் கையில் எடுத்தான்.

இருளம்மாள் வாயைத் திறக்கவில்லை.

திறந்தால் ஒரு சொல் போதும். சொல்லவில்லை. மூடிய கண் விண்விண் என்று தெறித்தது. மூச்சு விடும்போதெல்லாம் விலா குத்தியது. அரைக்கட்டும் என்று நினைத்தாள். நான் கொடுக்கவில்லை, அவனாகத்தான் எடுத்தான், அவனாகத்தான் அரைக்கிறான். கொல்லைக் கதவு இரண்டு எட்டுத் தூரத்தில் இருந்தது. போய்க் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டால் போதும். போகத்தான் அவள் காலை எடுத்தாள். இதை மறைத்து அவளை உத்தமியாகக் காட்டுவதில் பிரயோசனம் இல்லை.

அவன் குழவியை அம்மிக்கு மேலே பிடித்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தான். "தள்ளி நில்லு. பொடி பறக்கும். இருக்கிற ஒரு கண்ணையாவது பத்திரமா வச்சுக்க."

இன்னொரு கண்ணை அடித்து மூடவைத்தவனேதான் இதைச் சொன்னான். விளையாட்டாகச் சொன்னானோ, அக்கறையாகத்தான் சொன்னானோ, அவள் எடுத்த காலைக் கதவிலிருந்து திருப்பினாள். குடத்தைத் தூக்கி அம்மிமேல் கவிழ்த்தாள். தண்ணீரும் மருந்தும் சேர்ந்து சாம்பல் கரைசலாக வழிந்து அவன் மடியில் ஓடியது.

அவன் கண்மண் தெரியாமல் எழுந்தான். குழவியைப் போட்டுவிட்டு அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். "ஏட்டி, என் பொழப்பக் கெடுக்கவா வந்தே?" ஒரு தடவை, இன்னொரு தடவை. மூன்றாவது மோதலில் அவள் பல் ஒன்று உதட்டில் குத்தி நின்றது. சொல்ல வந்த சொல் ரத்தத்தோடு வெளியே வரமாட்டேன் என்றது. கீழே நனையாமல் கிடந்த பொட்டலம் கைக்குத் தட்டுப்பட்டது. பேச முடியாதவள், மிச்சப் பொடியோடு அதைத் தூக்கி அடுப்பில் எறிந்தாள்.

வெளிச்சம்தான் முதலில் வந்தது, சத்தம் பிறகு. அடுப்பு நெஞ்சு பிளந்தது மாதிரி இரண்டாகப் பிளந்தது. கஞ்சிப்பானை சில்லுச் சில்லாகச் சிதறி, கொதித்த கஞ்சி அவன் கழுத்திலும் தோளிலும், அவளுடைய இரண்டு முழங்கையிலும் அப்பியது. ஓடுகள் மடமடவென்று விழுந்தன. பானை ஓடு ஒன்று அவன் காது மடலைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் குத்தியது. வெள்ளைத்துரை தரையில் உட்கார்ந்துவிட்டான். கிழிந்த காதைப் பொத்திக்கொண்டு, அம்மியையும் குழவியையும் பார்த்தான். பிறகு தன்னுடைய இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

தெரு ஓடி வந்தது. சின்னத்தாய் முதல் ஆளாக உள்ளே நுழைந்து மூக்கை உறிஞ்சினாள். அந்த வாசனையை அறியாத மூக்கு அந்தத் தெருவில் கிடையாது. "போன தீவாளி வெடி மிச்சம். அடுப்புக்கிட்ட வச்சுத் தொலச்சுட்டேன்" என்றாள் இருளம்மாள், ரத்தத்தைத் துப்பிவிட்டு. எல்லோரும் நம்பியது போலத் தலையாட்டினார்கள். எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார், திருட்டு என்று பேச்சு கிளம்பினால் எல்லார் பிழைப்புக்கும் கேடு. வாழை இலையும் எண்ணெயும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆள் போனபிறகு அவன் கேட்டான். "தெரிஞ்சுதான் கொண்டாந்தியா?"

இல்லை, அவசரத்தில் தட்டு மாறிப்போனது. அதுதான் உண்மை. ஆனால் அவள் வாய் நிறைய ரத்தம். பயத்தில் முகம் வெளிறி உட்கார்ந்திருந்த அவனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். பார்க்க நன்றாக இருந்தது.

"ஆமா" என்றாள்.

மூன்றாவது காரைக் கைப்புண் கட்டோடு அவள்தான் கழுவினாள், சாம்பலும் புளியும் போட்டு. கழுத்துப் புண்ணோடு அவன் நேரே எனாமலை அடித்தான். பிரைமர் என்ற பேச்சே அவன் எடுக்கவில்லை. முதலாளி வீட்டில் அதே வியாபாரி அழுத்திப் பார்த்தார், நகத்தால் கீறியும் பார்த்தார். அசையவில்லை. "பிரைமர் போட்டியோ?" என்று முதலாளி கேட்டார். "இல்லீங்க முதலாளி. கழுவுனோம்" என்றான். கார் அலமாரிக்குள் போனது. இருவருக்கும் வேலை தங்கியது.

அதன் பிறகு வெள்ளைத்துரை அவளைத் தொடவில்லை. அடிக்கவும் இல்லை, வேறு எதற்கும் இல்லை. பாயை வாசலுக்குக் கொண்டுபோய்விட்டான். சோறு போட்டால் தட்டை அவள் பக்கம் நகர்த்துவான். அவள் ஒரு வாய் தின்று, விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் கை வைப்பான். பட்டறையில் வழக்கம்போல ஆட்களை அடித்துக்கொண்டிருந்தவன், வீட்டில் அவள் அகப்பையைக் கீழே போட்டாலே எழுந்து நின்றுவிடுவான்.

முதலில் சில மாதம் இருளம்மாள் ராணி மாதிரி இருந்தாள். அவன் அரள்வதைப் பார்க்கவே வேண்டுமென்று பாத்திரத்தை உருட்டினாள். அப்புறம் அது சலித்தது. சலித்த பிறகு வலிக்க ஆரம்பித்தது. அவளை யாரும் அடிக்கவில்லை, அவளோடு யாரும் பேசவும் இல்லை. அம்மி அருகே நின்று அவள் சும்மா இருந்த அந்தக் கொஞ்ச நேரம், அவனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை.

அறுபத்தெட்டு மழைக்காலத்தில் வெள்ளைத்துரைக்கு விஷக்காய்ச்சல் கண்டது. எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். அவள் கஞ்சி வைத்து ஆற்றி, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அத்தனை வருஷத்துக்கப்புறம் அவன் தலை அவள் மடிக்கு வந்திருந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இங்காருங்க. அன்னைக்கு நான் தெரிஞ்சு கொண்டாரலீங்க. சாமான் ரூமு பூட்டிக் கெடந்துச்சு. தட்டு மாறிப்போச்சு. மாரியாத்தா சத்தியமா."

அவன் காய்ச்சல் கண்ணால் அவளைப் பார்த்தான். அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினான்.

"சரி தாயி. சரி, நீ சொன்னாச் சரி" என்றான். விரலால் கஞ்சிக் கிண்ணத்தை அவள் வாய்ப்பக்கம் தள்ளினான்.

"மொதல்ல நீ ஒரு வாய் குடி."